நாலு கதவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

போன வாரம் என் காரின் இடது பக்கக் கண்ணாடி பாதி வழியில் நின்றுகொண்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த மெக்கானிக் கதவின் உள்பக்க அட்டையை ஒரு பிளாஸ்டிக் நெம்பியால் இரண்டே நிமிடத்தில் பெயர்த்து எடுத்தார். உள்ளேயிருந்து ஒரு வாடை வந்தது பாருங்கள். பழைய கிரீஸ், மழைத்தண்ணீர் ஊறிக் காய்ந்த புழுதி, அடியில் கொஞ்சம் தார். கார்கள் எவ்வளவோ மாறிவிட்டன. கதவுக்குள் இருக்கும் வாடை மட்டும் அறுபது வருடமாக அப்படியே இருக்கிறது.

"இந்தக் கதவு என்ன எடைங்க இருக்கும்?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க சார், பழைய இரும்புக்குப் போடப் போறீங்களா?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கதவின் எடையை யார் கேட்பார்கள்? நான் கேட்டேன். இருபத்திரண்டு வயதில் எனக்கு அதைத் தவிர வேறு கேள்வியே இருந்ததில்லை. பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒரு பம்பு கம்பெனியில் படம் வரைகிற வேலை. நாளெல்லாம் குனிந்து வட்டம் போட வேண்டும். உக்கடத்தில் பழைய பேப்பர்க் கடை ஒன்று உண்டு. அங்கே கட்டுக் கட்டாகக் கிடந்த சஞ்சிகைகளில் வெளிநாட்டு மோட்டார்ப் பத்திரிகை ஒன்று கிடைத்தது. பந்தயக் காருக்கு முதல் எதிரி எடை, எடையைக் குறைக்கக் கதவிலிருந்து ஆரம்பி என்று அதில் எழுதியிருந்தது. நான் அதை வேதமாக எடுத்துக்கொண்டேன். வேதத்தையாவது அரைகுறையாகப் படிப்போம். இதை வரி விடாமல் மனப்பாடம் செய்தேன்.

சென்னைக்கு வடக்கே, சண்டைக் காலத்தில் விமானங்களுக்காகப் போட்ட ஓடுதளம் ஒன்று இருந்தது. விமானங்கள் போன பிறகு வருடத்துக்கு ஒருமுறை அங்கே கார்ப் பந்தயம் நடக்கும். ஒரு வருடம் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன், அடுத்த வருடம் ஓட்டாமல் விடுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். வண்டி? சித்தப்பாவிடம் இருந்தது. நாலு கதவு வைத்த சின்ன வண்டி. அவர் ஜீப் வாங்கியதும் அது அவருடைய ஜின்னிங் பேக்டரியின் பஞ்சுக் குடோனில் ஓரமாக நின்றது. கூட்டாளியும் கிடைத்தான். திருச்சி ரோட்டுப் பட்டறையில் டிங்கர் வேலை பார்த்த அந்தோணி. என் வயதுதான். என்னை "இஞ்சினியரே" என்றுதான் கூப்பிடுவான். அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

கதவைக் கழற்றுவது பொறுமைசாலிகளின் வேலை. கண்ணாடி ஏற்றுகிற கைப்பிடிக்குப் பின்னால் ஒரு பொடி ஆணி ஒளிந்திருக்கும். அதைத் தட்டி எடுக்க வேண்டும். தட்டினால் அது பஞ்சுக்குள் பறந்து போய்விடும். பஞ்சுக் குடோனில் ஆணி தேடியிருக்கிறீர்களா? தேடாதீர்கள். பிறகு உள்பக்க அட்டை. அதற்கடியில் சத்தம் வராமலிருக்க ஒட்டிய தார்க் கம்பளி. அதற்கும் உள்ளே கண்ணாடி, கண்ணாடியை ஏற்றி இறக்கும் பல்சக்கரமும் கத்தரிக் காலும். எடுத்த ஒவ்வொன்றையும் பஞ்சு நிறுக்கிற தராசில் வைத்து நிறுத்தோம். அன்றைய கணக்கு ராத்தல், அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முன் கதவுக்குப் பதினேழு ராத்தல், பின் கதவுக்குப் பதினாலு. நாலுக்கும் சேர்த்து அறுபத்திரண்டு. சுவரில் கரித்துண்டால் எழுதினேன்.

"நா நாலு நாளு சோறு திங்காம இருந்தா இன்னும் ரெண்டு ராத்தல் கொறையுமுங்க இஞ்சினியரே" என்றான் அந்தோணி.

"நீ எங்கடா வண்டிக்குள்ள வர்றே? நாந்தான ஓட்டறேன்."

"அப்ப நீங்க திங்காதீங்க."

எழுதிய கரி உதிர்வதற்குள் அன்னூர் மாமா வந்தார். என் அத்தையின் வீட்டுக்காரர். எங்கள் பக்கத்தில் வண்டி இரவல் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. நேரே கேட்க மாட்டார்கள். வந்து உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள். மழை பேசுவார்கள், பருத்தி பேசுவார்கள், போர்வெல்லில் தண்ணீர் எத்தனை அடியில் என்று பேசுவார்கள். செருப்பில் கால் நுழைத்த பிறகு, ஏதோ நினைவு வந்தாற்போல் திரும்புவார்கள்.

"அப்பறமுங்க... புதங்கெழம வண்டி சும்மாத்தானுங்க நிக்குது?"

அதற்குச் சித்தப்பா சொல்கிற பதிலும் ஒன்றே ஒன்றுதான். "சும்மாத்தானுங்க நிக்குது."

அவ்வளவுதான். பேச்சு முடிந்தது. அறுபத்திரண்டு ராத்தலும் திரும்பக் கதவுக்குள் போக வேண்டும். மாமாவின் பெண் சரஸ்வதிக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறார்களாம். அந்தோணியும் நானும் இரண்டு நாள் குனிந்து எல்லாவற்றையும் பூட்டினோம். வண்டி திரும்பி வந்தபோது பின்சீட்டில் மல்லிகைச் சருகும் யாரோ குழந்தை கக்கிய பாலும் இருந்தன. "இந்தப் பக்கக் கதவு கொஞ்சம் லொடலொடங்குதுங்க, பாத்துக்குங்க" என்று மாமா எனக்கு யோசனையும் சொன்னார்.

மறுபடியும் கழற்றினோம். இந்தமுறை சித்தப்பாவின் மச்சினர் வந்தார். காப்பி, மழை, பருத்தி, செருப்பு. வியாழக்கிழமை வண்டி சும்மாத்தான் நின்றது. பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனவர் திரும்பும்போது பின்சீட்டில் ஒரு கன்றுக்குட்டியை உட்கார வைத்துக்கொண்டு வந்தார். பொய்யில்லை. அது சன்னல் வழியே தலை நீட்டி, ஊரைப் பார்த்தபடி வந்து இறங்கியது. வீட்டார் எல்லாரும் அதன் சுழியைப் பார்த்தார்கள். நான் அட்டையை நக்கி ஊற வைத்திருந்த அதன் நாக்கைப் பார்த்தேன்.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு அன்று அழுகை வந்தது. பந்தயத்துக்கு மூன்று வாரம். மனு போட்டு, எண் பதினேழு என்று அட்டையும் வந்துவிட்டது. அதோடு எங்கள் வழக்கத்தை நானும் விடவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். சித்தப்பாவிடம் போனேன். காப்பி குடித்தேன். மழை பேசினேன். வாசல் தாண்டும்போது திரும்பி, "அந்தக் கடேசி ஞாயித்துக்கெழம வண்டி..." என்றேன்.

"சும்மாத்தான் நிக்குது கண்ணு" என்றார் சித்தப்பா.

ஆனாலும் நடுவில் இன்னொரு ஒறம்பரை, வேறொரு உறவுக்காரர், வந்துவிட்டால்? ஒட்ட முடியாதபடி வெட்டிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று எனக்குப் பளிச்சென்று பட்டது. கதவின் உள்தகட்டில் சாக்பீஸால் கோடு போட்டேன். அந்தோணி உளியைக் கையில் எடுத்துவிட்டுத் தயங்கினான்.

"வெட்டிப்போட்டா வெட்டிப்போட்டதுதானுங்க. பொறவு கண்ணாடி நிக்காது. சித்தப்பாகிட்டச் சொல்லியாச்சுங்களா?"

"சொல்லியாச்சு" என்றேன். பொய். சொன்னால் வேண்டாம் என்று சொல்லமாட்டார், வருத்தப்படுவார். அது அதைவிட மோசம்.

வெட்டினான். இன்னும் பன்னிரண்டு ராத்தல் போயிற்று. உள்ளே கதவு திறக்கும் கைப்பிடிக்குப் பதில் மாட்டுக்குப் போடுகிற தோல்வார். வெளியே வெள்ளை வட்டம், நடுவில் கறுப்பாகப் பதினேழு. இன்ஜினையும் விடவில்லை. வேகத்தில் போகும் வண்டிக்குக் காற்று தானாக வரும், விசிறி எதற்கு என்று அந்தப் பத்திரிகை கேட்டிருந்தது. விசிறியையும் கழற்றினோம். ஆக்சிலேட்டரைத் தரையோடு சேர்த்து ஒரு மிதி மிதித்தால் குடோன் தகரமெல்லாம் அதிர்ந்தது. வெள்ளிக்கிழமை விடியக் கிளம்புவது என்று ஏற்பாடு.

வியாழக்கிழமை காலையில் அத்தையும் மாமாவும் வந்தார்கள். கையில் பூச்சரம், சந்தனம், இரண்டு முழம் ஜரிகைத் துணி. சரஸ்வதிக்குத் திங்கள் காலை முகூர்த்தம். ஞாயிறு சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. அதற்கு வண்டி.

நான் சித்தப்பாவைத் தனியே இழுத்துக்கொண்டு போனேன். "ஞாயித்துக்கெழம வண்டி எனக்குன்னு சொன்னீங்களே சித்தப்பா?"

"நா அப்பிடிச் சொல்லலியே கண்ணு. சும்மா நிக்குதுன்னேன்."

"அத்தைகிட்ட?"

"அவகிட்டயும் அதத்தான் சொன்னேன். ரெண்டு பேர்ல ஒருத்தரு உட்டுக்கொடுத்துருவீங்கன்னு இருந்தேன்."

அவர் முகத்தில் கள்ளமே இல்லை. வாழ்நாள் முழுக்க யாருக்கும் இல்லை என்று சொல்லாமலே காலம் தள்ளிவிட்ட மனிதர் அவர். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அத்தை குடோனுக்குள் போய்விட்டாள். ஓடினேன். அவள் முன்கதவைத் திறந்து, வெட்டிய ஓட்டைக்குள் முழங்கை வரை கைவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங் கண்ணு, கண்ணாடியெல்லாம் எங்க போச்சு?"

மூலையில் அடுக்கியிருந்த கண்ணாடிகளைக் கையால் காட்டினேன்.

அத்தை கையை வெளியே எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "பரவால்ல. வெய்யக் காலந்தான, காத்தோட்டமா இருக்கும்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "ஞாயித்துக்கெழம வண்டி உங்களுக்கு வேணும்னு நீங்க சித்தப்பாகிட்டச் சொன்னது காதுல உளுந்துச்சு. நீங்க போயிட்டு வாங்க கண்ணு. நாங்க மாட்டுச் சவாரி வண்டி பூட்டிக்கறோம்."

சம்பந்தி வீட்டில் கார் என்று சொல்லியாகிவிட்டது என்பதை அவள் சொல்லவில்லை. பின்னாலேயே வந்த மாமாதான் விட்டத்தைப் பார்த்து, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். ஒருவர், ஒரே ஒருவர், என்னைத் திட்டியிருந்தால் நான் மறுநாள் விடிய வண்டியை எடுத்துக்கொண்டு போயிருப்பேன். ஒருவரும் திட்டவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நான் அன்னூரில் இருந்தேன். ஓட்டைக் கதவுகளை ஜரிகைத் துணியால் மூடியிருந்தார்கள். பதினேழின் மேல் பூச்சரம் தொங்கியது, ஆனால் ஏழு வெளியே தெரிந்தது. மாப்பிள்ளைத் தோழன் அதை விலக்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, எங்காளு உங்குளுக்குப் பதினேழாவதாப் பாத்த மாப்பிள்ளையுங்களா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தான். மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு தோல்வாரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். என் பக்கத்தில் அந்தோணி. வியாழக்கிழமையிலிருந்து என்னோடு பேசாதவன், கைக்கடிகாரத்தைப் பார்த்து வாய் திறந்தான்.

"இந்நேரம் அங்க கொடிய எறக்கிப் பந்தயத்த உட்டிருப்பாங்க."

முன்னால் நாதஸ்வரமும் தவிலும். ஆள் நடக்கிற வேகம்கூட இல்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆரத்தி. மெதுவாக ஓடத் தெரியாத இன்ஜினை முதல் கியரில் வைத்து, கிளட்சை அரை மிதியில் பிடித்து, ஊர்ந்தேன். கதவையே நினைத்து உருகிக்கொண்டிருந்த இரண்டு புத்திசாலிகளுக்கும் விசிறியைத் திரும்பப் பூட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. நாலாவது ஆரத்தியில் முன்மூடியிலிருந்து ஆவி சீறியது. ஐந்தாவதில் வண்டி நின்றுவிட்டது. தவில்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, நிறுத்தாமல் வாசித்தார்.

மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் ஐந்தாறு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போனார்கள். "ம்... தள்ளுங்!" என்று ஒரு குரல். வண்டி துள்ளிக்கொண்டு முன்னால் ஓடியது. நான் பிரேக்கை மிதித்திருக்காவிட்டால் நாதஸ்வரக்காரரை இடித்திருக்கும்.

"அடேங்கப்பா!" என்றார் பின்னாலிருந்து ஒரு பெரியவர். "என்னுங்க இது, வண்டி இத்தன லேசா இருக்குது!"

அந்தோணி என்னைப் பார்த்தான். அன்று முதல்முறையாகச் சிரித்தான். நான் சன்னல் இல்லாத சன்னல் வழியே தலையை வெளியே நீட்டி, "எழுபத்திநாலு ராத்தல் கம்மிங்க!" என்று கத்தினேன். யாருக்கும் புரியவில்லை. எங்கள் வேலைக்குக் கிடைத்த ஒரே சான்றிதழ் அதுதான்.

அடுத்த வருடம் அந்த வண்டி இல்லை. கண்ணாடி நிற்காத காரை மழைக்காலத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று, சித்தப்பா பொள்ளாச்சியில் கொப்பரை ஏற்றுகிற ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். அந்தோணி பெங்களூருக்கு வேலைக்குப் போனான், சில கடிதங்களுக்குப் பிறகு தொடர்பு நின்றுபோயிற்று. ஓடுதளத்தில் பந்தயம் நின்று பல காலம் ஆகிறது. சித்தப்பா இல்லை, அத்தை இல்லை. பஞ்சுக் குடோனை இடித்துக் கட்டிய அடுக்குமாடியில்தான் நான் குடியிருக்கிறேன். கரித்துண்டால் அறுபத்திரண்டு என்று எழுதிய சுவர் இருந்த இடத்தில் இப்போது லிப்ட் ஏறி இறங்குகிறது.

மெக்கானிக் சரிசெய்து கொடுத்துவிட்டார். நாலு கண்ணாடியும் ஒழுங்காக ஏறுகின்றன. கார் கீழே, சும்மாத்தான் நிற்கிறது. எங்கள் கட்டடத்தில் எல்லார் வண்டியும் சும்மாத்தான் நிற்கின்றன. யாரும் யார் வீட்டுக்கும் வந்து காப்பி குடித்து, மழை பேசி, செருப்பு மாட்டும்போது திரும்புவதில்லை. ஒரே ஒருவர் வந்து கேட்டால் போதும். அந்த ஞாயிற்றுக்கிழமையை மனதில் வைத்துக்கொண்டு, இல்லைங்க, குடுக்க முடியாதுங்க என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். அறுபது வருடமாக அந்த ஒரு சொல்லை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கேட்கத்தான் ஆளில்லை.