சிவப்புப் பட்டை

நேற்று ரிங்லெட் டவுன் மருந்துக்கடையில் கட்டுத்துணிப் பாக்கெட் ஒன்றைக் காட்டி, "இறால் ஓட்டுலேர்ந்து செஞ்சதுக்கா, வச்சு அழுத்துனா ரத்தம் நின்னுரும் லா" என்றார் கடைக்காரர். இறால் என்றால் எனக்குச் சம்பல்தான் நினைவுக்கு வரும், நான் அப்படியொரு சாப்பாட்டுராமி. நேற்று சம்பல் நினைவுக்கு வரவில்லை. வாங்கி வந்துவிட்டேன், இன்னும் பிரிக்கவில்லை.

எஸ்டேட் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பக்கத்து லைன்வீட்டுச் செல்வம் அண்ணனை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு வேனில் கூட்டிப்போவது என் பொறுப்பு. குழாயில் ரத்தம் உறையாமலிருக்க அங்கே ஹெப்பரின் ஏற்றுவார்கள். பன்றிக்குடலிலிருந்து எடுக்கிற சர்க்கரைச் சங்கிலி என்று அங்கிருந்த நர்ஸ் மிஸ்ஸி சொன்னதும் அண்ணன் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! "இறால் ஓட்டுலயும் இதே மாதிரி சங்கிலி இருக்கு. மருந்து போட்டு மாத்துனா அது ரத்தத்தக் கட்டும், இது கட்டவிடாது" என்றாள் மிஸ்ஸி. ரத்தம் லேசில் நிற்காது என்று பார்ப்பவர்களுக்குத் தெரிய, ஊசி குத்திய கையில் சிவப்புப் பட்டை ஒட்டி அனுப்புவாள். மறுநாள்வரை அதைக் கழற்றக்கூடாது, கத்தியைத் தொடக்கூடாது.

அண்ணனின் தங்கை கல்யாணத்துக்கு முதல்நாள். அவருடைய வியாதியை மாப்பிள்ளை வீட்டில் மறைத்திருந்தார்கள். டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது வேனில் கையை நீட்டினார்.

"இத வெட்டி வுடு புள்ள."

"மிஸ்ஸி ஏசும்ண்ணே."

"மிஸ்ஸிகிட்ட யாரு சொல்லப்போறா?"

நான்தான் பெரிய கெட்டிக்காரியாச்சே, வெட்டிவிட்டேன்.

அன்று சாயங்காலம் பந்தலுக்கு வாழைமரம் வெட்டும்போது விவரம் தெரியாத யாரோ அவரிடம் பாராங் கத்தியைக் கொடுத்திருக்கிறார்கள். நான் சமையல் பக்கம் வெங்காயம் உரித்தபடி ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தேன். கோப்பித்தூள் வாசனை வந்தது. கல்யாண வீட்டில் காப்பிக்கென்ன குறைச்சல் என்று இருந்துவிட்டேன். எங்கள் லைனில் கத்திக்காயத்துக்கு அதைத்தான் அப்புவார்கள், ரத்தம் எப்போதும் நின்றுவிடும். "தூளு இன்னும் இருக்கா?" என்று ஒருவர் டின்னோடு இரண்டாம் தடவை வந்தபோதுதான் எழுந்து ஓடினேன். ஊசி குத்திய அதே கை. தூள் கரைந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

வேன் வளைவு வளைவாக இறங்கியது. துண்டை வைத்து அழுத்திக்கொண்டே அவர் மனைவி மணியக்கா கேட்டாள், "பட்டை எங்கடி?"

"தானா விழுந்துருக்கும்க்கா."

அண்ணன் கண் திறந்துதான் இருந்தார். என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

அந்த லைனை இடித்துவிட்டார்கள். கிளினிக்கில் இப்போது உரமூட்டை அடுக்குகிறார்கள். மணியக்கா மகளோடு கம்போங் ராஜாவில் இருந்தாள். பஸ் ஏறினால் போய்விடலாம், ஒருநாள் போய் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்றே இத்தனை வருஷமும் இருந்தேன். போன மாதம் அவளும் இறந்துபோனாள். பட்டை தானாக விழுந்தது என்று நம்பியே போயிருக்கிறாள்.