நாற்பத்தேழில் முடியும் நம்பர்

உனைசிக்குக் கோபம் வந்தால் சிங்காதோகா பேருந்து நிலையத்தில் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வேடிக்கை பார்ப்பார்கள். பள்ளி விடுதியில் தொண்ணூறு பிள்ளைகளுக்குச் சமைப்பவள், குரலும் அதற்கேற்ற குரல்தான். ஒருமுறை கடைக்காரன் விடுதிக்குப் புழு வைத்த மாவை அனுப்பிவிட்டான். மூட்டையைத் தோளில் சுமந்துபோய் அவன் மேசைமேலேயே கொட்டிவிட்டு வந்தாள். கல்யாணம், வெள்ளம், விருந்தில் மீன் தலைக்கு முதலில் கை நீட்டியது யார் என்பதுவரை எதைக் கண்டாலும் போனில் படம் பிடித்துத் தன் இணையக் கணக்கில் போட்டுவிடுவாள். 'சாட்சி இல்லாத பேச்சு எனக்கு வேண்டாம்' என்பாள்.

அப்படிப்பட்டவள் அந்தப் புதன்கிழமை என் கடைக்கு வந்து சத்தமே போடவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

நிலையத்துக்குப் பின்னால் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். சிம் விற்பேன், திரை மாற்றுவேன். ஆனால் பாதிப் பேர் வருவது வேறு வேலைக்கு. கணக்குக்குள் போக முடியவில்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது, யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று வந்து நிற்பார்கள். இந்தத் தொழிலில் பதினொரு வருடம் ஆகிறது. எனக்கும் பொறுமை கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உனைசி தன் போனை மேசையில் வைத்தாள். அதிலிருந்து ஆற்று மணல் கொட்டியது.

"இது செத்துப்போச்சுன்னு எனக்குத் தெரியும் அக்கா. என் கணக்க மட்டும் திறந்து குடு. வெள்ளிக்கிழம பத்து மணிக்குள்ள வேணும்."

நடந்ததைச் சொன்னாள். ஆற்றில் சரளைக்கல் அள்ளும் கம்பெனி ஒன்று ஆறு மாதத்துக்கு முன்னால் அவளுடைய ஊரான வாய்தாமுவில் கூட்டம் போட்டது. பூப்போட்ட நீலச் சட்டை போட்ட மேனேஜர் பாயில் உட்கார்ந்து, விருந்தாளிக்குக் கொடுக்கும் யாங்கோனா வேர்ச்சாற்றைக் குடித்து, வழக்கப்படி கைதட்டி, 'பிள்ளைகள் குளிக்கும் மடுவுக்கு மேலே ஒரு கூடை கல்கூட எடுக்க மாட்டோம்' என்று வாக்குக் கொடுத்தான். உனைசி அப்போது பின்கட்டில் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக அவ்வளவையும் படம் பிடித்துவிட்டாள்.

போன மாதம் இயந்திரம் வந்தது. மடுவுக்கு மேலே மட்டுமில்லை, மடுவிலேயே தோண்டினார்கள். இடுப்பளவு இருந்த இடம் இரண்டு ஆள் ஆழமாயிற்று. திங்கட்கிழமை உனைசியின் அக்கா மகள், ஏழு வயதுப் பெண், வழக்கம்போலக் குதித்தாள். உடனே மேலே வரவில்லை. உனைசி கட்டிய துணியோடு பாய்ந்து முடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. பையிலிருந்த போன் பிழைக்கவில்லை.

அப்படி ஒரு வாக்கு கொடுக்கவே இல்லை என்று கம்பெனி கடிதம் எழுதிவிட்டது. வெள்ளிக்கிழமை கல் அள்ள அனுமதி தரும் அதிகாரி முன்னால் விசாரணை. ஆதாரம் இருந்தால் கொண்டு வாருங்கள், இல்லையென்றால் திங்கள் முதல் வேலை தொடரும் என்று அவர் சொல்லியிருக்கிறார். போன் போனாலும் வீடியோ அவள் கணக்கில் இருக்கிறது. கணக்குதான் அவளை உள்ளே விடமாட்டேன் என்கிறது.

"ஊர்ல வேற யார்கிட்டயும் இல்லயா? நீ போட்டப்ப நாலு பேராச்சும் பாத்திருப்பாங்களே?"

"யாரும் பாக்கல." மேசையில் கொட்டிய மணலை விரலால் ஒதுக்கினாள்.

என்னிடமிருந்த பழைய போன் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பாஸ்வேர்டு என்ன? மகன் பெயர் போட்டாள், தவறு. மகள் பெயர், தவறு. ரக்பி அணியின் பெயர், அதுவும் தவறு. மின்னஞ்சல்? போன் விற்றவன் ஆரம்பித்துக் கொடுத்தது, அதன் பாஸ்வேர்டை அவளுக்குச் சொல்லாமலே ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான். மிச்சம் போன் நம்பர் ஒன்றுதான். 'நாற்பத்தேழில் முடியும் எண்ணுக்குக் குறியீடு அனுப்பட்டுமா?' என்று கேட்டது திரை.

"அந்த நம்பரா?" உனைசி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "அத எப்பவோ தூக்கிப் போட்டுட்டேனே."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். போனஸ் நாள் வந்தால் புதுச் சிம்முக்குப் போடும் பணத்தை இரட்டிப்பாக ஏற்றித் தருவார்கள், உடனே பழையதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் போடுவார்கள். அந்தச் சிம்களில் பாதியை விற்றவளே நான்தான். எறிந்த நம்பரைச் சிம் கம்பெனி சில மாதம் கழித்து வேறு யாருக்காவது கொடுத்துவிடும்.

அவள் கணக்கு வைத்திருக்கும் அந்தப் பெரிய கம்பெனிக்கு எழுதிப் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எழுதினேன். அங்கே பேசுவதற்கு மனிதன் கிடையாது, நம்பர் கிடையாது. உதவிக்கு இங்கே தொடுங்கள் என்று இருக்கும். தொட்டால் கிளம்பிய பக்கத்துக்கே கொண்டுவந்து விடும். கடைசியில் 'இந்த உதவி பயனுள்ளதாக இருந்ததா?' என்று ஒரு கேள்வி வேறு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கேள்வியை எழுதியவன் எதிரில் இருந்திருக்க வேண்டும்.

வேறு வழியில்லை. அந்த நம்பரைக் கூப்பிட்டோம். ஸ்பீக்கரில் ஒரு ஆண்குரல் எடுத்தது.

"யாரு பேசறது?"

உனைசி தேன் தடவிய குரலில் ஆரம்பித்தாள். "ஐயா, என் பேரு உனைசி. இது முந்தி என் நம்பரு. இப்ப உங்க போனுக்கு ஆறு எண்ணு வரும். அத மட்டும் படிச்சுச் சொன்னீங்கன்னா புண்ணியமாப் போகும்."

"அதுக்கென்ன, சொல்றேன். எந்த ஊரும்மா நீ?"

எங்கள் தீவில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் அடுத்த பேச்சுக்குப் போவதில்லை.

"வாய்தாமு."

மறுமுனையில் என் மேசை அதிரும்படி ஒரு சிரிப்பு. "வாய்தாமுவா! அட தவளைத் தின்னிக் கூட்டமே! நான் நாசேவா ஊர்க்காரன்டி! பேரு வைசாகே!"

உனைசி போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "தொலைஞ்சேன் அக்கா. தவுவு."

தவுவு என்றால் ஊருக்கும் ஊருக்கும் உள்ள கேலி முறை. நம் மாமன் மச்சான் கேலியெல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. இரண்டு ஊருக்கும் ஒரே மூதாதை. அதனால் முன்பின் பார்க்காதவனாக இருந்தாலும் ஒருவரை ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் வையலாம், வம்பிழுக்கலாம், ஒருவர் பொருளை மற்றவர் எடுத்துக்கொண்டும் போகலாம். ஒன்றுதான் கூடாது. கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் தோற்றுப்போனதாக அர்த்தம், அதுவும் ஊரே சேர்ந்து தோற்றதாக.

குறியீட்டை அனுப்பச் சொன்னேன். பத்து நிமிடம்தான் செல்லும்.

"வந்துடுச்சு தவுவு, எழுதிக்கோ. எண்ணு தெரியுமா உனக்கு? உங்க ஊர்ல பள்ளிக்கூடம் கட்டிட்டாங்களா?"

"கட்டிட்டாங்க தவுவு. சொல்லு."

"மூணு... எட்டு... இது ஆறா ஒம்பதான்னு தெரியலயே. போனத் தலைகீழாப் புடிச்சிருக்கேன்."

"நேராப் புடி தவுவு."

"புடிச்சுட்டேன். இப்ப நான் தலைகீழா இருக்கேன்."

அவன் பின்னால் நாலைந்து பேர் உருண்டு சிரிப்பது கேட்டது. அவன் ஒன்பது என்றான், போட்டோம், தவறு. மறுபடி அனுப்பினோம். இந்தத் தடவை எண்களைப் பாட்டாகப் பாடினான், நடுவில் தன் வயதையும் சேர்த்துவிட்டான். மூன்றாவது தடவை, முதலில் நாசேவாக்காரர்களே அழகானவர்கள் என்று ஒத்துக்கொள் என்றான். உனைசி ஒத்துக்கொண்டாள். அவன் மெல்ல எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் பத்து நிமிடம் தாண்டிவிட்டது. 'அதிகமுறை முயன்றுவிட்டீர்கள். இருபத்துநான்கு மணி நேரம் கழித்து வாருங்கள்' என்றது திரை.

"என்ன தவுவு, திறந்துச்சா?"

உனைசி சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. பற்கள் மட்டும்தான் சிரித்தன. "இல்ல தவுவு. நல்ல விளையாட்டு. நீ எங்க இருக்க?"

"லௌதோகா சந்தை. கிழங்கு விக்கிறேன். வந்து பாரு, உன்ன மாதிரியே ஒரு கிழங்கு இருக்கு."

போனை வைத்தபிறகுதான் வெடித்தாள். மேசையில் அவள் வைத்த குத்தில் என் திருகாணி டப்பா கவிழ்ந்தது. "பிள்ள முடி கைல வந்துச்சு அக்கா! கொத்தா வந்துச்சு! அவன் பாட்டுப் பாடறான்!"

"நாளைக்கு அவன மறுபடி கூப்பிட்டுக் கெஞ்சுவோம்" என்றேன்.

"கெஞ்சறதா? நாளைக்கும் மூணு தடவ தப்பாப் போச்சுன்னா வெள்ளிக்கிழம போயிடும். கடையச் சாத்து. நேர்லயே போறோம்."

வியாழக்கிழமை கடையைச் சாத்திவிட்டு அவளோடு பேருந்து ஏறினேன். அந்த வைசாகேயைப் பார்த்து நாலு வார்த்தை கேட்காவிட்டால் எனக்கும் தூக்கம் வராது. நான் எந்த ஊர் தவுவும் இல்லை, தாராளமாகக் கோபப்படலாம்.

எனக்கு வேலையே வைக்கவில்லை உனைசி. சந்தையில் கிழங்கு வரிசையில் வைசாகே யார் என்று கேட்டுக்கொண்டே போனாள். கதவகலத்துக்கு ஒரு ஆள் முக்காலியில் உட்கார்ந்து கதை அளந்துகொண்டிருந்தான். சட்டைப் பையில் போன் எட்டிப் பார்த்தது. வணக்கம் சொல்லவில்லை, பெயர் சொல்லவில்லை. நேரே போய்ப் போனை உருவினாள்.

"ஏய்! யாரு நீ?"

"வாய்தாமு" என்றாள்.

அந்த ஆள் பறிக்க நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். தவுவு எடுத்ததைத் திருப்பிக் கேட்க வாயில்லை. வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் கைதட்டினார்கள். "எந்திரி" என்றாள் உனைசி. எழுந்தான். முக்காலியையும் எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அடுத்து என்ன, வேட்டியா?" என்றான் வைசாகே. அதற்கும் சந்தை சிரித்தது. உனைசி சிரிக்கவில்லை.

மணி மூன்றரை, திரை சொன்ன இருபத்துநான்கு மணி நேரம் முடிந்திருந்தது. குறியீடு அனுப்பினேன். அவன் போன் டிங் என்றது. உனைசியே ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள், நான் போட்டேன். உள்ளே போய்விட்டோம். அவள் விரல் கீழே, கீழே போனது. கல்யாணம், வெள்ளம், மீன் தலை. பிறகு ஒரு ஜன்னல் கம்பி, அதற்கப்பால் பூப்போட்ட நீலச் சட்டை.

'ஒரு கூடை கல்கூட எடுக்க மாட்டோம்' என்றான் மேனேஜர், தெளிவாக.

எங்கள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துக் கேலி பேசிக்கொண்டிருந்த வைசாகே சட்டென்று நிறுத்திவிட்டான். "திரும்பப் போடு" என்றான். போட்டாள். "இன்னொரு தடவ."

"என்ன தவுவு, தமாஷ் தீர்ந்துடுச்சா?"

"போன மாசம் எங்க ஊருக்கு வந்தான் இவன். இதே சட்ட. மடுவுக்கு மேல ஒரு கூடை கல்கூட எடுக்க மாட்டோம்னான். இதே வார்த்த. நாங்க பன்னி அறுத்துப் போட்டோம் அவனுக்கு." அவன் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டிருந்தது. "அடுத்த வாரம் கையெழுத்துப் போடறோம். இத நீ ஏன் யாருக்கும் காட்டல? ஆறு மாசமா வச்சுட்டு என்ன பண்ணின?"

அது கேலி இல்லை. உனைசி தலையைக் குனிந்துகொண்டாள். வீடியோவுக்குக் கீழே ஒரு சின்னப் பூட்டுப் படம் இருந்தது. அதைத் தொட்டேன். 'நான் மட்டும்' என்றிருந்தது.

இரண்டு நாளாகக் கடல் தாண்டி இருக்கிற கம்பெனியைத் திட்டித் தீர்த்தேன். இது இவளே போட்ட பூட்டு. "ஏன் உனைசி?"

"ஊர்த்தலைவர் சொன்னாரு. வீட்டுக்கு வந்த விருந்தாளிய ஊர் முன்னாடி காட்டாதே, மரியாத இல்லன்னாரு. அழிக்க மனசு வரல. பூட்டி வச்சேன்." தலை நிமிராமலே சொன்னாள்.

"எனக்கு மட்டும் அனுப்பு, போதும்" என்றான் வைசாகே.

அவள் 'எல்லோரும்' என்பதை அழுத்தினாள். அழுத்திய விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். அவன் போனை அவனிடம் கொடுத்தாள். முக்காலியைக் கொடுக்கவில்லை, அது எங்களோடு பேருந்தில் வந்தது.

வெள்ளிக்கிழமை விசாரணையில் மேனேஜர் அதே நீலச் சட்டையில் வந்திருந்தான். அப்படி எந்த வாக்கும் கொடுத்ததாக ஞாபகம் இல்லை என்றான், ஆதாரம் உண்டா என்றும் கேட்டான். உனைசி போனை எடுத்தாள். அதிகாரி கையை உயர்த்தி நிறுத்தினார்.

"வேணாம்மா. நேத்து ராத்திரியே என் வீட்டுக்காரி அனுப்பிட்டா. காலைல மாமியார் அனுப்பினாங்க. வர்ற வழில பஸ் டிரைவர் காட்டினாரு."

மேனேஜர் தன் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் காகிதத்தைப் பார்த்தான். நாசேவாவிலிருந்து வந்திருந்த பதினான்கு பேர் பின்சுவர் ஓரமாக எழுந்து நின்றார்கள், வைசாகே முன்னால். அவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. மறு உத்தரவு வரும்வரை ஆற்றில் இயந்திரம் இறங்கக் கூடாது என்று அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே மாமரத்தடியில் வாய்தாமு ஊர்த்தலைவர், அவர்கள் பேச்சில் துராங்கா, நின்றிருந்தார். நல்ல மனிதர், வயதானவர். உனைசி அவர் முன்னால் குனிந்துதான் நின்றாள், அது அவர்கள் வழக்கம்.

"போடாதேன்னு சொன்னேனே உனைசி. என் பேச்ச மீறிட்டியே."

"ஆறு மாசம் மீறலயே துராங்கா" என்றாள். குரல் உயரவில்லை. ஆனால் நிமிர்ந்துவிட்டாள். "நீங்க சொன்னீங்க, நான் பூட்டினேன். நான் பூட்டி வச்சிருந்தப்பத்தான் அந்தப் பள்ளத்த வெட்டினாங்க. அதுலதான் பிள்ள விழுந்துச்சு."

அவள் கைப்பையைத் திறந்து, மடித்த ஒரு துண்டுத் துணியை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் பிரித்துப் பார்த்தார். உள்ளே ஒரு கொத்துத் தலைமுடி இருந்தது, சின்னப் பிள்ளையின் சுருட்டை முடி.