நாலாவது சீட்

பள்ளியின் பொருள் பட்டியலில் அது ‘மூவர் அமரும் பெஞ்சு’ என்றே இருந்தது. மும்பையில் தாராவி ஓரத்தில், தமிழ்ப் பிள்ளைகளே அதிகமாகப் படித்த அந்தப் பள்ளியில் நான் தலைமை எழுத்தர். பட்டியலை எழுதியவனே நான்தான் என்பதால் எனக்குச் சந்தேகமில்லை. எட்டாம் வகுப்பின் சன்னலோரப் பெஞ்சில் நான்காவதாக ஒருத்தி அமர்ந்த காலையை மட்டும் எந்தப் பட்டியலிலும் ஏற்ற முடியவில்லை.

குடிமையியல் டீச்சர் மாதுங்காவிலிருந்து வருவார், பாலக்காட்டுக் குடும்பம். மனித உரிமை, புலம்பெயர்வு, உலகக் குடிமகன் ஆகியவற்றை நடத்த மேலிடம் பளபளப்பான கையேடு ஒன்றை அனுப்பியிருந்தது. அட்டையில் பூமிப்பந்தைச் சுற்றிக் குழந்தைகள் கைகோத்து நின்றார்கள். ஒரு முகத்திலும் வியர்வை இல்லை. டீச்சர் அதைக் காற்றில் பறக்கும் தாள்களின்மேல் பாரமாக வைத்துவிட்டு, லோக்கல் ரயிலைப் பற்றிப் பேசத் தொடங்குவார்.

ஆண்டின் நடுவில் பீகாரிலிருந்து ஒரு பெண் வந்தாள். அப்பாவுக்குப் பை தைக்கும் பட்டறையில் வேலை. பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் இல்லை. “சான்றிதழ் வரட்டும், பார்க்கலாம்” என்றார் தலைமையாசிரியர். அந்த வாக்கியத்தில் பல பிள்ளைகளின் படிப்பு கரைந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். சான்றிதழ் தாமதம் என்று பதின்மூன்று வயதுப் பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சட்டம் இடம் தரவில்லை. விதியை நகலெடுத்து அவர் மேசையில் வைத்தேன். அதைப் படித்ததில்லை என்று காட்டிக்கொள்ள யாருக்கும் பிடிக்காது. சேர்க்கை முடிந்தது.

அவளை வகுப்புக்கு அழைத்துப் போனேன். டீச்சர் வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

“சேர்த்தாச்சுன்னு இப்போ சொல்லாதீங்கோ சார். முதல்ல பெஞ்சுல இருக்கறவா நகரட்டும்.”

“நகராவிட்டால்?”

“அப்போ நான் இத்தனை நாள் என்னத்தை நடத்தினேன்?”

எனக்கு அது பிடிக்கவில்லை. உரிமை என்று எழுதிவைத்ததைப் பிள்ளைகளின் மனசுக்கு விடுவது முறையல்ல. ஆனாலும் போகாமல் நின்றேன்.

இடம் எங்கும் இல்லை. டீச்சர் கேட்டார்: “ட்ரெயின்ல மூணு பேர் சீட்ல நாலாவதா ஒருத்தர் வந்தா இடம் கொடுக்கறது தயவா, உரிமையா?”

சன்னலோரப் பெஞ்சின் நுனியிலிருந்த தோல் பட்டறைக்காரர் மகள் முந்திக்கொண்டாள். “தயவுதான் டீச்சர். மூணு பேரு இருக்க பெஞ்சுல்லா இது. பொறவு வந்தவங்க நிக்கட்டும்.”

“ஏட்டி, ஒங்க தாத்தா வந்தப்போ தாராவி என்ன காலியாவா கெடந்துச்சு?” என்றாள் பின்னாலிருந்தவள்.

“எங்க தாத்தா கேட்டுத்தான் இருந்தாரு!”

“யாருகிட்ட கேட்டாரு? கொசுகிட்டயா?”

வகுப்பே சிரித்தது. புதியவளுக்குத் தமிழ் தெரியாது. பெஞ்சில் மூன்று பேர், தான் நிற்கிறோம் என்பது மட்டும் தெரிந்தது. விவாதம் முடியக் காத்திராமல் நேரே போய், கொஞ்சம் நகருங்கள் என்பதற்கு ரயிலில் எல்லோரும் சொல்வதுபோல் “சர்க்கோ” என்றாள்.

தோல் பட்டறைக்காரர் மகள் வாதாடிக்கொண்டே நகர்ந்துவிட்டாள்.

“ஏட்டி, நீதான மொதல்ல நகந்தே!”

“பழக்கம்ல, என்ன செய்ய?” என்றாள் அவள், முகம் சிவந்து.

டீச்சர் சாக்பீஸைக் கையிலேயே வைத்திருந்தார். பலகையில் எதுவும் எழுதவில்லை. வெளியே வந்து மெல்லச் சொன்னார்: “தயவா உரிமையான்னு நான் கேட்டுண்டே இருந்தேன். அந்தப் புதுப் பொண்ணு அதைக் கேக்கவே இல்லை, பாருங்கோ.”

அடுத்த ஆண்டுக்கு இன்னொரு பெஞ்சு வேண்டும் என்று எழுதினேன். கோரிக்கை பரிசீலனையில் இருக்கும்போதே ஓய்வு பெற்றேன்.

டீச்சர் இப்போது நவி மும்பையில், கோபர்கைரனேயில் மகளோடு இருக்கிறார். அவரைப் பார்க்கச் செம்பூரில் ரயில் ஏறும்போதெல்லாம் மூவர் சீட்டில் மூவர் இருக்கிறார்கள். முதியவர்களுக்கென்று தனி இடம் உண்டு. அந்த விதியும் எனக்குத் தெரியும். சொல்வதில்லை. “சர்க்கோ” என்கிறேன். கைபேசியிலிருந்து கண்ணெடுக்காமலே ஒருவன் நகர்கிறான். பாதி உடம்புக்குத்தான் இடம்; மீதி நடைவழியில் நிற்கிறது. அந்தப் பெண்ணும் அந்த ஆண்டின் மீதி நாளெல்லாம் அப்படித்தான் படித்தாள், ஒரு கால் பெஞ்சுக்கு வெளியே. பட்டியலில் அது இன்னும் மூவர் பெஞ்சாகத்தான் இருக்கும்.