ஒரே ஒரு நாலு

நெதர்லாந்தின் க்ரோனிங்கன் ஊரில் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் அந்தப் பழைய செங்கல் கட்டடம் இன்னும் நிற்கிறது. இப்போது அங்கே சைக்கிள் கடை. வீப்கே அந்தப் பக்கம் போனால் வண்டியை விட்டு இறங்கி, மாடி ஜன்னலை அண்ணாந்து பார்க்காமல் வரமாட்டாள். பல்கலைக்கழகத்தில் சேர வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளின் மார்க்கை உள்ளூர்க் கணக்குக்கு மாற்றும் அலுவலகம் அங்கேதான் இருந்தது. அவள் ஆயுளில் பாதி அந்த ஜன்னலுக்குப் பின்னால்தான் போனது. அந்த நாட்களை நினைத்தால் நெஞ்சு கனக்கும். கூடவே போஸ்துமாவின் பிஸ்கட் டப்பா ஞாபகம் வந்து சிரிப்பும் முட்டும்.

போஸ்துமா அவளுடைய அதிகாரி. காபி வந்ததும் டப்பாவைத் திறப்பார், ஆளுக்கு ஒரு பிஸ்கட், டப்பென்று மூடிவிடுவார். இரண்டாவதுக்குக் கை நீட்டியவனை அந்த ஊர் பார்த்ததே இல்லை. மார்க் விஷயத்திலும் அந்த ஊருக்கு அதே இறுக்கமான கைதான். பத்துக்கு எட்டு வாங்கினால் வீட்டில் கொண்டாடுவார்கள். பத்து போட எந்த வாத்தியாருக்கும் மனசு வராது. ஐந்து என்றால் தோல்வி.

போஸ்னியாவில் போர் நடந்த வருடம் ஜெனானா வந்தாள். அகதி முகாமில் இருந்த பெண். கணிதம் படிக்க ஆசை. இடம் கிடைக்காவிட்டால் முகாமில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அவள் நீட்டிய சான்றிதழ்களைப் பார்த்த வீப்கேவுக்கு ஐயோ என்றிருந்தது.

"எல்லாமே அஞ்சா இருக்கேம்மா."

"ஆமா! எல்லாமே!" பெண்ணின் முகம் மலர்ந்தது.

பாவம், போரில் புத்தி பேதலித்துவிட்டதோ என்று வீப்கே நினைத்தே விட்டாள். "அதுக்கு மேல ஒண்ணுகூட வாங்கலையா?"

"அஞ்சுக்கு மேல எங்க ஊர்ல மார்க்கே கிடையாதே!"

அங்கே ஐந்துதான் உச்சம். விசாரித்து உறுதி செய்துகொண்டு வீப்கே போஸ்துமாவிடம் ஓடினாள். அவர் முகம் கறுத்தது.

"தோத்திருந்தாக்கூட நம்பியிருப்பேன். பாட்டுலயும் உச்சம், உடற்பயிற்சியிலயும் உச்சமா? மனுஷன் வாங்குற மார்க்கா இது? யாரோ உக்காந்து அடிச்சுக் குடுத்திருக்கான்."

"பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கேக்கலாம்னா, அங்க தபாலே போகல சார்."

"அப்ப என் கையெழுத்தும் போகாது."

வீப்கே ஜெனானாவை அவர் அறைக்குள்ளேயே கூப்பிட்டாள். "நாலு வருஷப் படிப்புன்னு சொன்னியே. மூணு தாள்தானே இருக்கு?"

பெண் குங்குமமாய்ச் சிவந்துபோனாள். தயங்கித் தயங்கிப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். ஓவியத்தில் நாலு.

"பாலத்தைக் கோணலா வரைஞ்சிட்டேன்னு நெவெங்கா டீச்சர் போட்டாங்க. அப்பா ரெண்டு நாள் பேசல. வெக்கமா இருந்துச்சு, அதான் காட்டல. இப்ப அந்தப் பாலமே இல்ல. டீச்சர் உயிரோட இருக்காங்களான்னும் தெரியல."

போஸ்துமா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"நாலா? அடடா! ஒரு வாத்தியாராவது ஒழுங்கா திருத்தியிருக்காங்க. இது நெசமான பள்ளிக்கூடம்தான்!"

கையெழுத்துப் போட்டார். பிறகு, மூடின டப்பாவை மறுபடி திறந்து ஜெனானாவிடம் நீட்டினார். வீப்கேவுக்குக் கண் கலங்கிவிட்டது.

போஸ்துமா இப்போது இல்லை. ஜெனானா அதே பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியை. எட்டுக்கு மேல் போடாத கருமி என்று பிள்ளைகள் திட்டுகிறார்கள். வீப்கே ஓய்வு பெற்ற அன்று ஜெனானா ஒரு வாழ்த்து அட்டை கொண்டுவந்தாள். உள்ளே ஒன்பதரை என்று மட்டும் எழுதியிருந்தது.

"மீதி அரையை எங்கடி முழுங்கினே?"

"பத்துன்னு போட்டா போஸ்துமா சார் நம்ப மாட்டாரே!"

வீப்கே சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அவர் விட்டுப்போன டப்பாவைத் திறந்து, ஜெனானாவிடம் இரண்டு தடவை நீட்டினாள்.