மிளகாய் எந்திரத்தில் வைத்த பொட்டு

உணவுத் தொழில்நுட்பம் படிக்கத் திண்டுக்கல் பக்கத்திலிருந்து மலேசியாவின் கெடா மாநிலத்துக்கு வந்தவன் நான். மூன்றாம் ஆண்டில் பதினாறு வாரம் வேலைப் பயிற்சி. இங்கே எல்லோரும் அதைப் 'பிரக்டிகல்' என்பார்கள். எனக்குக் கிடைத்தது கோலா கெத்தில் ஊருக்குப் போகும் சாலையில் இருந்த ஒரு மசாலைத்தூள் தொழிற்சாலை. கேட்டதும் அப்பா போனில் சிரித்துவிட்டார். "இதுக்காடா கடல் தாண்டிப் போன?" அவர் இருபத்தைந்து வருடமாக எங்கள் ஊர் மாவு மில்லில் மிளகாய் அரைக்கிறார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான்தான் முதல். செமஸ்டர், மாணவர் விசா எல்லாம் வீட்டில் யாருக்கும் பிடிபடாது. 'மிளகாய் மெஷின் பக்கத்தில் வேலை' என்பது மட்டும் உடனே புரிந்தது. அதன் பிறகு அம்மா பக்கத்து வீடுகளில் என் படிப்பைப் பற்றித் தைரியமாகப் பேச ஆரம்பித்தார்.

எந்திரப் பகுதியைப் பார்த்துக்கொண்டவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மெர்போக்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். வழியில் சுங்கை பட்டாணியில் என்னை ஏற்றிக்கொள்வார். "ஹெல்மெட்ட ஒழுங்கா மாட்டு தம்பி. போலிஸ் புடிச்சா நீ இங்கிலீஷ்ல பேசித் தப்பிச்சிருவ, நான் தான் மாட்டுவேன்."

தரக் கட்டுப்பாடும் ஹலால் பொறுப்பும் முதலாளியின் அண்ணன் மகளிடம் இருந்தன. தமிழ் முஸ்லிம் குடும்பம். முதல் நாள் அவரை "மேடம்" என்று கூப்பிட்டேன். "மேடமெல்லாம் பேங்க்ல. இங்க அக்கா போதும்லா" என்றார். ஆனால் அக்கா என்பதற்காக எதையும் விட்டுக்கொடுக்க மாட்டார். என்னிடம் ஒரு லாக் புக் இருந்தது. தினமும் என்ன செய்தேன் என்று அதில் எழுதவேண்டும், வெள்ளிக்கிழமை அவர் கையெழுத்துப் போடவேண்டும். ஒரு வாரம் விட்டுப்போனாலும் பயிற்சி செல்லாது. இன்னொரு செமஸ்டர் இருக்கவேண்டி வரும். வீட்டுக்கு அதைத் தாங்குகிற சக்தி இல்லை.

பதினோராவது வாரத்தில் ஆயுத பூசை வந்தது. முந்தின நாள் சாயங்காலம் அப்பா வீடியோ காலில் வந்தார். மில்லைக் கழுவி விட்டிருந்தார்கள். ஈரத் தரையில் நின்றுகொண்டு ஒவ்வொரு மெஷினாகக் காட்டினார். கடைசியில், "நாளைக்கு நீயும் உன் மெஷினுக்கு ஒரு பொட்டு வச்சிருடா" என்றார்.

அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய சந்தன, குங்குமப் பொட்டலங்கள் என் பையில் இருந்தன. காலையில் அண்ணன் காலணி மாற்றிக்கொண்டிருக்கும்போதே நான் உள்ளே போய், மிளகாய் கொட்டும் தகரப் புனலின் நெற்றி போன்ற இடத்தில் சந்தனம் குழைத்துத் தடவி, குங்குமம் வைத்தேன். கையெடுத்துக் கும்பிடக்கூட இல்லை. எங்கள் ஊரில் அது எண்ணெய் விடுவதுபோல ஒரு மெஷின் வேலை.

அண்ணன் வந்து பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"அடேய், என்னடா பண்ணி வச்சிருக்க!"

"ஆயுத பூசைண்ணே."

"அது எனக்குத் தெரியாதா? என் மோட்டாருக்கு சாயங்காலம் வெளிய வச்சி பண்ணுவேன். இது ஹலால் பேக்டரிலா. சாமி சாமான் எதுவும் உள்ள வரக்கூடாதுன்னு முதல் நாளே நீ கையெழுத்துப் போட்டியே!"

போட்டிருந்தேன். அந்த விதியை ஒன்றுக்கு இரண்டு தடவை படித்தும் இருந்தேன். சாமி படம், விளக்கு, பிரசாதம் என்றுதான் நினைத்தேனே தவிர, பொட்டு அந்தப் பட்டியலில் வரும் என்று தோன்றவே இல்லை.

அண்ணன் ஒரு துணியை நீட்டினார். "சீக்கிரம் தொடச்சிரு. புக்குல ஒன்னும் எழுதாத. நான் எதையும் பாக்கல."

துடைத்தேன். சந்தனம் போய்விட்டது. ஆனால் கொஞ்சம் குங்குமம் புனலின் விளிம்பு தாண்டி உள்ளே உதிர்ந்திருந்தது. ஒரு திருகாணியின் பிளவிலும் சிவப்பு தங்கிவிட்டது.

"வுடுலா தம்பி. மிளகாய் மெஷின்ல சிவப்பு எவன் கண்ணுக்குத் தெரியப் போவுது?"

அவர் சொன்னது சரிதான். யார் கண்ணுக்கும் தெரியாது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எந்திரத்தை ஓட்டவேண்டாம் என்று சொல்லிவிட்டு, கையில் சிவப்புத் துணியோடு அக்காவின் அறைக்குப் போனேன்.

நான் சொன்னதை அக்கா கேட்டார், எழுந்துவந்து எந்திரத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "சாமி விஷயம் ரூல். அத விடு" என்றார். "இந்தக் குங்குமத்துல என்ன சாயம் போட்டிருக்கான், சொல்லு பாப்போம்?"

"தெரியலக்கா."

"சாப்பிடுற சாயமா?"

"இல்லக்கா."

"நீதானே ஃபூட் டெக்னாலஜி படிக்கிற?"

திட்டியிருந்தால் பரவாயில்லை.

அன்று காலை முழுவதும் மிளகாய் அரைப்பு நின்றது. அண்ணனும் நானும் புனலையும் மிளகாயை அரைக்கும் பல்லுத் தகடுகளையும் கழற்றி, கழுவி, காயவைத்து, மறுபடி மாட்டினோம். "எவ்ளோ அழகா துணி எடுத்துக் குடுத்தேன், ஹரிச்சந்திரன் பேரன் போய்ச் சொல்லிட்டு வர்றான்" என்று மதியம் வரை முனகினார். ஆனால் தகடு ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தது அவர்தான். மறுபடி ஓட்டியதும் முதலில் வந்த ஒரு வாளி மிளகாய்த்தூளை அக்கா கொட்டிவிடச் சொன்னார்.

நடந்ததை லாக் புக்கில் எழுதினேன். என்ன தவறு, யார் செய்தது, எப்படிச் சுத்தம் செய்தோம் என்று ஒன்றரைப் பக்கம். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க முடியாமல் அன்றே கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா நிதானமாகப் படித்தார். 'முதல் நாள் விளக்கத்தில் பொட்டையும் சேர்க்கவேண்டும், இது என் பொறுப்பு' என்று கீழே ஆங்கிலத்தில் எழுதினார். பிறகு வெள்ளிக்கிழமைக்கு உரிய கட்டத்தில் பென்சிலால் ஒரு சின்ன டிக் போட்டார். "வெள்ளிக்கிழம பேனாவுல போடுறேன். போ."

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே அண்ணனின் மோட்டாருக்கு மாலை போட்டு, மிச்சக் குங்குமத்தில் பொட்டு வைத்தேன். அக்காவின் கார் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. "எங்கிட்ட வராதலா, இப்பத்தான் கார கழுவுனேன்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அறைக்கு வந்ததும் அப்பா கூப்பிட்டார்.

"பொட்டு வச்சியாடா?"

"வச்சேன்ப்பா. அப்புறம் கழுவ வேண்டியதாயிருச்சு." முழுவதையும் சொன்னேன்.

"பல்லுத் தகட்டக் கழட்டிக் கழுவுனியா, மேலாப்புல தண்ணி ஊத்துனியா?"

"கழட்டித்தான்ப்பா. ரெண்டு பக்கமும்."

"அப்பச் சரி" என்றார். பிறகு, தகட்டைத் திரும்ப மாட்டும்போது எந்தப் பக்கம் முதலில் முடுக்கவேண்டும் என்று கால் மணி நேரம் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.