கப்பல் வந்தால் தண்ணீர் குறையுமா?

சீமெந்துப் பையிலிருந்து கிழித்த மண்ணிறக் கடுதாசி அது. எங்கள் கிணறு, குசினி, தெருவோரத்துப் பெரிய குழாய், அதற்கப்பால் துறைமுகத்துக்குப் போகும் சாலை எல்லாம் பென்சில் கோடுகளாக இருந்தன. சில இடங்களில் பெருக்கல் குறிபோலப் புள்ளடி. வீட்டுக்குக் குழாய் பதிக்க வந்த பைப் பாஸ் வேலை முடித்துப் போன ஒரு பின்னேரம், அவருடைய வாளிக்குக் கீழே அதை நான்தான் கண்டேன். விரித்துப் பார்த்ததும் மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டேன்.

எனக்கு அப்போது இருபது வயது, கலியாணமாகி ஆறு மாதம். கணவர் துறைமுக அலுவலகத்தில் கிளாக்கர். வீட்டில் கணவனை இழந்த அவருடைய தமக்கையும் இருந்தார்; எனக்கு மச்சாள். மாமனார் காலத்து இரும்புக் குழாய்கள் உக்கிப்போய், துருத் தண்ணீர்தான் வந்தது. அவற்றை மாற்றத்தான் கணவர் பைப் பாஸைக் கூட்டி வந்தார். சிங்கப்பூர் யப்பானிடம் விழுந்திருந்த நேரம். யப்பான்காரனுக்குப் படம் கீறிக் கொடுக்கிற ஆட்கள் பக்கத்து உப்புவெளிவரை வந்துவிட்டதாக ஊரில் கதை. பாஸிடம் எந்த ஊர் என்று கேட்டால் ஒருநாள் மன்னார் என்பார், இன்னொருநாள் கொழும்பு என்பார். ஆணிகூடக் கிடைக்காத காலத்தில் அவருக்கு மட்டும் குழாய் எங்கிருந்து கிடைக்கிறது என்று யன்னலோரம் நின்று யோசிப்பேன். ஒருநாள் அவரே கேட்டார்: "தங்கச்சி, கப்பல் வாற நாளில குழாயில தண்ணி குறையுமோ?" தெரியாது என்றேன். வீட்டுக் குழாய் மாற்ற வந்தவருக்குக் கப்பல் எதற்கு என்ற கேள்வி அதன்பிறகு என்னை விடவில்லை.

கடுதாசியை முதலில் மச்சாளிடம் காட்டினேன். "பைப் எங்க போகுதெண்டு கீறாமல் எப்பிடிப் பதிக்கிறது? அந்த மனிசன்ர வயித்தில அடிக்காத" என்றார். வேலைக்கிடையில் பாஸோடு நின்று கதைப்பவர் அவர்தான். இவர் ஏன் இவ்வளவு பரிந்து பேசுகிறார் என்று அவர்மீதும் எனக்குச் சந்தேகம் வந்தது. அன்றைக்கே கணவரிடம் கடுதாசியைக் கொடுத்தேன். அவர் அரைமனதோடுதான் அதைத் தன் மேலதிகாரியிடம் கொண்டுபோனார். மறுநாள் மத்தியானம் துறைமுகத்திலிருந்து இரண்டு பேர் வந்து, முற்றத்தில் குழாய்க்குக் கிடங்கு வெட்டிக்கொண்டிருந்த பாஸைக் கூட்டிப் போனார்கள். போகுமுன் வாளித் தண்ணீரில் கையைக் கழுவினார்.

மூன்றாம் நாள் காலை துறைமுகத்தில் குண்டு விழுந்தது. நிலம் அதிர, குழாய்க்காக அவர் வெட்டிய அந்தக் கிடங்குக்குள்தான் நானும் மச்சாளும் ஒருவரையொருவர் பிடித்தபடி கிடந்தோம். பின்னேரம் கணவர் கரி படிந்த முகத்தோடு வந்து சேர்ந்து, விசாரணையில் பாஸ் சொன்னதைச் சொன்னார். கப்பல்களுக்கும் எங்கள் தெருக் குழாயிலிருந்துதான் தண்ணீர் போகிறதாம், அதனால் அழுத்தம் குறையும், அதைப் பார்த்துத்தான் குழாயின் பருமனைத் தீர்மானிக்க வேண்டுமாம். புள்ளடிகள் குழாய் பொருத்தும் இடங்கள். குழாய்களும் இடித்த பங்களாக்களில் வாங்கியவை. விசாரித்தவர்களுக்கு முதல் நாளே இது விளங்கிவிட்டது. ஆனால் விடுவிக்க ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. குண்டு விழுந்தபோது பாஸ் துறைமுக வாசலுக்குப் பக்கத்தில், பூட்டிய அறைக்குள் இருந்திருக்கிறார்.

பத்து நாள் கழித்து அவர் வந்தார். இடது காது கேட்கவில்லை. வேலையை அரைகுறையில் விட ஏலாது என்று சொல்லிவிட்டுக் கிடங்குக்குள் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் தலையை நிமிர்த்தினார்.

"அந்தக் கடுதாசியை ஆர் குடுத்தது, தங்கச்சி? உங்கட மச்சாளோ? அவதான் என்னோட கனக்கக் கதைச்சவ."

"ஓம்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. வலது காதைத் திருப்பினார்.

"ஓம், அவதான்" என்று உரத்துச் சொன்னேன்.

திரும்பினால் குசினி வாசலில் மச்சாள் நின்றார்.

இரண்டு நாளில் குழாயில் தெளிந்த தண்ணீர் வந்தது. பாஸ் மச்சாளின் முகத்தைப் பார்க்காமலே போனார். பிறகு அவரை ஊரில் காணவில்லை. நான் தேடவும் இல்லை. பாஸ் போன அன்று பின்னேரம் மச்சாள் அரிசி கழுவிக்கொண்டே சொன்னார்: "ஒருக்காச் சொன்னதோட விட்டிருந்தால் பயத்தில சொன்னனி எண்டு எடுத்திருப்பன். ரெண்டாந்தரமும் சொன்னனி."

மறுநாள் தன் அலுமாரிக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டு, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். அதன்பிறகு முப்பது வருடம் ஒரே குசினியில் சமைத்தோம், என் பிள்ளைகளை அவர்தான் தூக்கி வளர்த்தார். இன்று அந்த வீட்டில் அந்தக் காலத்து ஆள் என்று நான் மட்டும்தான் இருக்கிறேன். கடைசி நாள்வரை அவர் என்னோடு ஒரு கோபச் சொல் பேசியதில்லை. அந்தப் பூட்டின் திறப்பையும் என் கையில் தந்ததில்லை.