லேசாக ஒரு கொம்பு

கிளினிக்கல் சைக்காலஜி படித்துக்கொண்டிருந்த நாட்களில், 'விளிம்புநிலை மக்கள்' என்று சொன்னாலே எங்கள் பேராசிரியருக்குக் குரல் தழுதழுத்துவிடும். அந்த மக்கள் எதிரே வந்து நின்றால் மட்டும் கைக்குட்டை மூக்கருகே போகும். நான் மட்டும் என்ன ஒழுங்கு? திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் நிலம் நீச்சோடு இருந்த குடும்பம். காலனிக்காரர்கள் நாலு பேரிடம் பேசினாலே பெரிய தியாகம் என்று நினைப்பு.

குடவாசலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மனநல முகாம். ஊரில் பாதி இளவட்டம் சிங்கப்பூர், துபாய் என்று பறந்துவிட்ட காலம். தூக்கம் வரவில்லை என்று காலனியிலிருந்து ஓர் அம்மா வந்தார், நடவு வேலை செய்பவர். என் அம்மா வயதிருக்கும். "உக்காரு" என்றேன். என் அப்பா களத்துமேட்டில் நின்று அதட்டுகிற அதே குரல். அவர் உட்காரவில்லை, கும்பிட்ட கையை இறக்கவும் இல்லை.

இங்கிலீஷிலிருந்து பெயர்த்த கேள்வித்தாளை வாசித்தேன்.

"காதுல யாரோ பேசற மாதிரி கேக்குதா?"

"ஆமாங்கம்மா."

"உன்னைக் கொல்லப் பாக்கறாங்களா?"

"ஆமாங்கம்மா."

நாற்காலியில் உட்கார்ந்து கேட்பவர்களிடம் இல்லை என்று சொல்லி அந்தத் தெருவுக்குப் பழக்கமில்லை. எனக்கா தெரியாது? எங்கள் வயலில் ஆயிரம் தடவை கேட்ட 'ஆமாங்க' அது. ஆனாலும் வரிசையாக டிக் அடித்தேன். பேராசிரியர் எட்டிப் பார்த்தார். புத்தகத்து நோய் நேரிலேயே வந்துவிட்டதில் அவருக்கு அத்தனை பூரிப்பு.

"வார்டுல சேத்துடலாம். ஜீப்பை வரச் சொல்லு."

அந்த அம்மா அப்போதுதான் தானாக வாய் திறந்தார். "ஞாயித்துக்கெழமைக்குள்ள விட்டுருவீங்களாங்கம்மா? மவன் துபாய்லேர்ந்து டெலிபோன் பூத்துக்குப் போன் பண்றேன்னு சொல்லி வுட்டுருக்கான். ரெண்டு மாசமா பேச்சே இல்லீங்க. அதான் தூக்கம் வரல."

கேள்வித்தாளில் இல்லாத ஒன்றை, பேராசிரியர் காதில் விழட்டும் என்று உரக்கக் கேட்டேன். "தலையில கொம்பு மொளைச்சிருக்கா?"

அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார். எந்தப் பதில் எனக்குப் பிடிக்கும் என்று தேடினார்.

"ஆமாங்கம்மா. லேசா."

இதற்கு மேலுமா புரியாது என்று பேராசிரியரைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அதையும் எழுதிக்கோம்மா. கொம்பு இருக்குன்னே நம்பறா, இல்லையா?"

நோய் இல்லை சார், பயம் சார் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் மதிப்பெண் அவர் கையில் இருந்தது.

"ஆமாங்க சார்" என்றேன்.

ஜீப்பில் ஏறும்போதும் அந்த அம்மா என்னைக் கும்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூத்தில் போன் அடித்ததா என்று நான் விசாரிக்கவே இல்லை.